மதகடியில் கடல் சேறு

என் மனைவிக்குக் கடலில் வேலை. மீன் பிடிக்கிற வேலை இல்லை, சேறு பிடிக்கிற வேலை. கடலடியில் படிகிற மிகச் சன்னமான மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானி அவள். நான் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். எங்கள் தெருவிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாளாவது பஸ்ஸில் உட்கார வேண்டும். "வீட்டம்மா எங்கீங்க சார்?" என்று புதிதாக யாராவது கேட்டால், "கடல்ல" என்பேன். கேட்டவர் என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கும் குரலுக்கு மாறுவார். உயிரோடுதான் இருக்கிறாள் என்று நானே சொல்லித் தேற்ற வேண்டியிருக்கும்.

அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதுதான் எனக்கும் எப்போதும் சந்தேகம். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டு ஏற்காடு ரோடு வரைக்கும் போய், கேஸை மூடினோமா என்று திரும்பி வருகிற ஆள். எங்கள் பக்கம் கவலைக்கு வெசனம் என்று பெயர். "வெசனம் புடிச்சவனுக்குக் கடலுக்குப் போறவளா வந்து வாய்க்கோணும்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். என் மனைவி படகிலோ ஆராய்ச்சிக் கப்பலிலோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். அது திரும்ப வருகிற வரைக்கும் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் நான் பாடம் நடத்துவேன். பிள்ளைகளுக்கே தெரியும். "சாருக்கு இன்னிக்கு டவர் இல்லடா" என்று ஒருவன் பின்பெஞ்சில் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

என் தம்பிக்கு இதெல்லாம் வேடிக்கை. எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊரில் அம்மாவோடு இருந்து பண்ணையம் பார்க்கிறான். என் மனைவி கப்பலேறும்போதெல்லாம் போன் போட்டு, "என்னுங்ணா, அண்ணி சேறு மிதிக்கப் போயிட்டாங்களா? அதுக்கு நம்மூட்டு வயலே இருக்குதே, கூலியும் குடுத்திருப்பனே" என்பான். அவளிடம் நேரில் அப்படிப் பேச மாட்டான். அண்ணி என்றால் அவனுக்கு ஒரு கூச்சம், ஒரு மரியாதை. முகம் பார்த்துக்கூடப் பேச மாட்டான், சுவரைப் பார்த்துத்தான் பேசுவான்.

அவள் அப்படி என்னதான் கண்டுபிடித்தாள் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வைத்தால் லேசில் தெளியாது. மண் அவ்வளவு சன்னம். அதே தண்ணீர் போய்க் கடலில் கலந்ததும், உப்பு பட்டு அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பால் திரிகிற மாதிரித் திரிந்து, பஞ்சு பஞ்சாகக் கீழே இறங்கும். கெங்கவல்லிப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் தண்ணீர் கலங்கி வந்தால் குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை உரசித் தெளிய வைப்பார்களாம். "அதைப் பாத்துத்தான் எல்லாமே ஆரம்பிச்சுதுன்னு சொல்லு, கேக்கறவங்களுக்கு நல்லா இருக்கும்" என்றேன். "அதெல்லாம் இல்லீங்க. காலேஜ்ல எனக்கு அந்த சீட்டுதான் கிடைச்சுது" என்றாள்.

சேறு திரிந்து விழும் என்பது அவளுக்கு முன்னாலேயே உலகத்துக்குத் தெரிந்த விஷயம். சிக்கல் என்னவென்றால், அந்தப் பஞ்சைப் பாட்டிலில் மொண்டு கரைக்குக் கொண்டுவந்தால் வழியிலேயே உடைந்துபோகும். உடைந்ததை அளந்து என்ன பயன்? அவளும் கூட வேலை செய்தவர்களும் ஒரு குழாய்க்குள் கேமராவை வைத்துக் கடலுக்குள் இறக்கி, விழுகிற பஞ்சைத் தொடாமல் விழுகிற இடத்திலேயே படம் பிடித்தார்கள். நம் கரையோரத்துச் சேறு மழைக்காலத்தில் எப்படி இறங்குகிறது, கோடையில் எப்படி இறங்குகிறது என்று வருஷக்கணக்கில் அவள் சேர்த்து வைத்திருக்கிறாள். ஆனால் அவள் பேர் சொல்லும் வேலை அதற்கு அப்புறம் செய்ததுதான். "மண்ணு விழறத எல்லாரும் பாத்தாங்க. விழுந்த பிறகு அது என்ன பண்ணுதுன்னு நான் பாத்தேன்" என்பாள்.

விழுந்த சேறு உடனே தரையாகிவிடாது. பஞ்சின் மேல் பஞ்சாக உட்கார்ந்து, இடுக்கில் எல்லாம் தண்ணீரை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் கூழாகவே கிடக்கும். கப்பலிலிருந்து ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் கருவி, அந்தக் கூழின் மேல்பக்கத்தையே தரை என்று காட்டிவிடும். அமைதியாக விட்டால் அது மெதுவாக இறுகும். இறுகிய பிறகும், அலை விடாமல் அதிர்த்துக்கொண்டே இருந்தால் மறுபடி கூழாக இளகிவிடும். எவ்வளவு இறுகிய சேறு எவ்வளவு அதிர்ந்தால் இளகும் என்பதை அவள் அளந்து காட்டினாள். துறைமுகத்துக்காரர்கள் இன்றைக்கு அதை வைத்துத்தான் எங்கே தூர் வாருவது, எங்கே விட்டுவிடுவது என்று பார்க்கிறார்கள். நான் இதையெல்லாம் படித்துப் புரிந்துகொண்டது அறிவு தாகத்தால் இல்லை. பயத்தால். அவள் எதன் மேல் மிதக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

இந்தக் கடல் சங்கதி எங்கள் ஊர் ஏரிக்குள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரு கோடையில் எங்கள் ஏரி வற்றியது. வண்டல் அள்ளிக்கொள்ள அனுமதி கிடைத்ததும் ஊரே டிராக்டரும் பொக்லைனுமாகத் தயாரானது. எங்கள் ஊரில் ஏரி மண் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதல் நடை மண் சாமிக்கு, கோயில் நந்தவனத்துக்கு. அந்த மண்ணை மதகடியில்தான் எடுக்க வேண்டும், கையால் வெட்டி நிரப்ப வேண்டும், எங்கள் வீட்டு வண்டியில்தான் கொண்டுவர வேண்டும். மாட்டு வண்டிக் காலத்திலிருந்து வருகிற உரிமை. எங்கள் வண்டி கரையேறிய பிறகுதான் மற்ற வண்டிகள் ஏரிக்குள் இறங்கும். ஒரு வருஷம் நாங்கள் முடியாது என்று சொன்னால் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். பங்காளி எப்போது முடியாது என்று சொல்வோம் என்று காது தீட்டிக்கொண்டிருப்பவர். தம்பி அந்த நாளுக்காகப் புது வேட்டி எடுத்து வைத்திருந்தான்.

அவள் விடுப்பில் வந்திருந்தாள். ஊருக்குப் போன அன்றைக்குப் பொழுதோடு இரண்டு பேரும் ஏரிக்கரைமேல் நடந்தோம். பேசிக்கொண்டே வந்தவள் மதகுக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டாள். ஏரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"ஏங்க, இது உப்பு" என்றாள்.

தண்ணீர் வருகிற பக்கம் மேலே சாயப்பட்டறைகள் இருக்கின்றன. எடப்பாடிப் பக்கம் தறி ஓடாத ஊரில்லை, நூல் என்றால் சாயம், சாயம் நூலில் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்பு. கழுவி விட்ட தண்ணீர் ஓடையில் இறங்கி வருஷக்கணக்காக எங்கள் ஏரிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அது எங்களுக்குத் தெரியாததில்லை. தண்ணீர் சில நாள் சிவப்பாக வரும், சில நாள் நீலமாக வரும், கலர் போனதும் மறந்துவிடுவோம்.

மதகடிச் சேற்றில் கொஞ்சத்தையும் அங்கே குழியில் ஊறியிருந்த தண்ணீரையும் ஊறுகாய் பாட்டிலில் எடுத்து வந்தாள். சமையல்மேடையில் வைத்து நன்றாகக் குலுக்கினாள். பக்கத்தில் இன்னொரு பாட்டிலில் எங்கள் தோட்டத்து மண்ணும் குடிதண்ணீரும். அம்மா டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஏரி பாட்டில் தெளிந்துவிட்டது. மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர், கீழே பாதி பாட்டிலுக்குப் புசுபுசுவென்று சேறு. தோட்டத்துப் பாட்டில் மறுநாளும் கலங்கியே இருந்தது. "பரவால்லியே, ஏரித் தண்ணிதான் சுத்தம்" என்றாள் அம்மா.

என் மனைவி சிரிக்கவில்லை. "இது ஏரிச் சேறு இல்லீங்க, கடல் சேறு" என்றாள். "உப்புத்தண்ணியில திரிஞ்சு விழுந்திருக்கு. உள்ள பூரா தண்ணி. மேல வெயில்ல காஞ்சு ஒரு தோல் கட்டியிருக்கு, அவ்வளவுதான். மதகடியில வண்டி இறக்கக்கூடாது."

இத்தனை வருஷமாக அவள் தூரத்தில், கடலில், எனக்குத் தெரியாத இடத்தில் பார்த்த ஒன்று. அது இப்போது என் தம்பி வண்டி இறக்கப்போகிற இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த நாள் காலையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனோம். அவள் பலகை போட்டு அதன்மேல் நின்று, ஒரு மூங்கிலைச் சேற்றில் ஊன்றினாள். தோலைக் குத்தும்போது மட்டும் கொஞ்சம் தடுத்தது. பிறகு அழுத்தவே வேண்டியிருக்கவில்லை, தன் பாரத்திலேயே அவள் தோள் உயரத்துக்கு உள்ளே இறங்கி நின்றது. கரையோரமாகக் குத்திப் பார்த்தால் கம்பு ஏறவே இல்லை. "கரையோரம் எடுங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுங்க. மதகடி வேண்டாம்" என்றாள்.

தம்பி மூங்கிலைப் பார்த்துச் சொன்னான்: "மதகடின்னா கொஞ்சம் சொதசொதன்னுதான் இருக்குமுங்க அண்ணி. சாமிக்கு அங்கதானுங்க எடுக்கோணும்."

எங்கள் ஊரில் ஏரிக்குள் வண்டி இறக்குமுன் மாட்டை நடத்திப் பார்ப்பார்கள். மாடு நடந்தால் வண்டி நடக்கும் என்று ஒரு கணக்கு. தம்பி தன் பெரிய மாட்டைக் கயிற்றில் பிடித்து மதகடி வரைக்கும் கூட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்தான். குளம்பு பட்ட இடத்தில் சின்னப் பள்ளம்கூட விழவில்லை. பங்காளி கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி வந்து, சுவருக்குப் பதிலாக மாட்டைப் பார்த்துக்கொண்டு, "நடந்துருச்சுங்க அண்ணி" என்றான்.

"மாடு அங்க நின்னுச்சா?"

"நிக்கலீங்க. போயிட்டு வந்துச்சு."

"நடக்கிற மாடு வேற, நிக்கிற வண்டி வேற தம்பி."

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். அன்றைக்கு உள்ளூர் மாடு நல்ல விலைக்குப் போனது, என் மனைவிதான் போகவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கணக்கு அது. மழைத்தண்ணீர் மட்டும் வந்த ஏரிக்கு, மாட்டு வண்டிக்கு அது சரியான கணக்காகவே இருந்திருக்கும்.

அன்று முழுவதும் நான் தம்பியின் பின்னாலேயே அலைந்தேன். விட்டுக்கொடுத்துவிடுவோம் என்று கெஞ்சினேன். "என்ற காலத்துல உரிமை போச்சுன்னு பேரெடுக்கச் சொல்றீங்களாண்ணா?" என்றான். அம்மாவிடம் போனேன். "சாமி காரியத்துல சந்தேகம் வெக்காத சாமி. அவ மேல நம்பிக்கை இல்லாமயில்ல, அவ பாத்தது கடலு" என்றாள். என் மனைவியிடம் திரும்பி வந்தேன். "அவரைப் பிடிச்சு வச்சு நிறுத்த முடியுங்களா?" என்றாள் அவள். இருதலைக் கொள்ளி எறும்பு என்று வகுப்பில் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அந்த எறும்புக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். நிற்காமல் போக வேண்டும். போய் நின்றதும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். பேருக்கு நாலு சட்டி மண்ணைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட வேண்டும். "நிக்கிற வண்டியோட அதிர்வுதான் எனக்குப் பயம். எஞ்சின் ஆஃப்ல இருந்தா தாங்கும்னு நினைக்கிறேன்." தம்பி மூன்று தடவை சரிங்க அண்ணி என்றான். நினைக்கிறேன் என்று அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் காதில் விழுந்தது போலிருக்கிறது.

மண் எடுக்கிற நாள் காலையில் கரை நிறையக் கூட்டம். பூசாரி தேங்காய் உடைத்தார், மேளம் முழங்கியது. தம்பி புது வேட்டியில் டிராக்டரை இறக்கினான். மண் வெட்டுகிறவர்கள் பின்னால் பெட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி பாளங்களின் மேல் லேசாகக் குதித்துக் குதித்துப் போய் மதகடியில் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க வாத்தியாரே, ஊட்டுக்காரம்மா என்னமோ சொன்னாங்களாமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் சொன்னது பொய்யாகப் போகட்டும், அவளைக் காலமெல்லாம் கேலி பேசட்டும், என் தம்பி திரும்பி வந்தால் போதும் என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

"ஏன் இன்னும் ஆஃப் பண்ணல?" என்றாள் அவள்.

அப்போதுதான் புகைபோக்கியைப் பார்த்தேன். புகை வந்துகொண்டே இருந்தது. சட்டென்று எனக்குப் புரிந்தது. பேட்டரி. தம்பியின் டிராக்டர் சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகாது, செல்ஃப் எடுக்காது. அடுத்த போகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். எங்கள் ஊரில் பாதி டிராக்டர் மேட்டில்தான் தூங்கும். காலையில் சரிவில் உருட்டிவிட்டுத்தான் கிளப்புவார்கள். சமதளத்தில் நின்றால் யாரும் எஞ்சினை நிறுத்த மாட்டார்கள், டீ குடிக்கப் போனாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஏரிக்குள் ஏது மேடு? ஊர் பார்க்க, சாமி மண்ணோடு, செல்ஃப் எடுக்காமல் நிற்க அவனுக்கு வெட்கம். அவன் மறக்கவில்லை. சரிங்க அண்ணி என்று சொன்னபோதே நிறுத்தப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"பேட்டரி இல்ல" என்றேன்.

அவள் போன் போட்டாள். மேளத்திலும் எஞ்சின் சத்தத்திலும் அவனுக்குக் கேட்கவில்லை. நான் துண்டை வீசிக் கத்தினேன். அவன் பெருமையாகக் கையைத் தூக்கிக் காட்டினான். வெட்டுகிறவர்கள் நாலு சட்டியோடு நிறுத்தவில்லை, உற்சாகமாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பின் டயரைச் சுற்றிக் காய்ந்த சாம்பல் நிறத்தில் இருந்த மண், கறுத்துப் பளபளத்தது.

அவள் செருப்பைக் கழற்றினாள். போனை என் கையில் கொடுத்தாள்.

"நான் போறேன்" என்றேன்.

"நீங்க வராதீங்க. உங்களுக்கு எங்க கால் வைக்கணும்னு தெரியாது. யாரையும் இறங்க விடாதீங்க. ஒருத்தர்கூட."

இறங்கிவிட்டாள். வண்டித் தடத்தைத் தொடாமல் விலகி, வளைத்துக்கொண்டு போனாள். ஓடவில்லை. ஒவ்வொரு அடியையும் வைத்துப் பார்த்துப் போகிற அவளைப் பார்க்க முடியாமலும் கண்ணை எடுக்க முடியாமலும் நின்றேன். இத்தனை வருஷம் கடலைப் பார்த்து நான் பயந்த பயமெல்லாம் எங்கள் ஏரியில் என் கண்ணெதிரில் நடந்து போய்க்கொண்டிருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்தே காலை விடுகிறவளை என்ன சொல்லித் தடுப்பது? என்ன நடக்கிறது என்று புரியாமல் ரெண்டு மூன்று பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார்கள். நான் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். பக்கத்தில் யாரோ வந்து நின்று, "ஆரும் எறங்காதீங்கடா!" என்று அதட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் பங்காளி. என்னைப் போலவே கையை விரித்துக்கொண்டு நின்றார்.

அவள் போய்ச் சேர்ந்ததும் எஞ்சின் நின்றது. மேளமும் நின்றது. அந்த அமைதியில் அவள் குரல் கரைவரைக்கும் கேட்டது. வெட்டுகிறவர்களை ஒவ்வொருவராக, தள்ளித் தள்ளி, வேறு வேறு தடத்தில் அனுப்பினாள். ஒருவர் ஒரு சட்டி மண்ணைத் தலையில் வைத்துக்கொண்டே வந்தார். தம்பி மட்டும் வண்டியைவிட்டு இறங்கவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் கீழே நின்று அவனிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவனே சொன்னான். "வண்டி போனா போகட்டும் தம்பி. நீங்க இறங்காம நான் இங்கிருந்து நகரமாட்டேன்." அவன் அவள் முகத்தைப் பார்த்தானாம். பிறகு இறங்கினான்.

பாதி வழியில் அவனுக்கு ஒரு கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. கரையிலிருந்து நான் கத்திவிட்டேன். "இழுக்காதீங்க, இழுக்காதீங்க, பின்னால சாஞ்சு படுங்க" என்று அவள் சொல்வது கேட்டது. ஊர் பார்க்க, புது வேட்டியோடு, அவன் சேற்றில் மல்லாக்கப் படுத்தான். படுத்தபடியே காலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினான். செருப்பு உள்ளேயே போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நடந்து கரையேறினார்கள். பூசாரி அந்த ஒரு சட்டி மண்ணை வாங்கி, சாமிக்கு இது போதும் என்றார். பங்காளி உட்பட ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கு வேறு எந்த வண்டியும் மதகடிப் பக்கம் போகவில்லை, எல்லாரும் கரையோரம்தான் எடுத்தார்கள்.

நான் அவளிடம் போனைக் கொடுத்தேன். அப்புறம் திட்ட ஆரம்பித்தேன். எனக்கு நினைவு தெரிந்து அவளை அப்படித் திட்டியதில்லை. உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதுவிட்டேன். வாத்தியார் ஏரிக்கரையில் நின்று அழுததை ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது, சொல்லட்டும்.

"பயமா இல்லியா உனக்கு?" என்றேன்.

"ரொம்பப் பயமா இருந்துச்சுங்க. எவ்வளவு அதிர்ந்தா இளகும்னு தெரியும். போய்ச் சேர்றதுக்குள்ள அது எவ்வளவு இளகியிருக்கும்னுதான் தெரியல" என்றாள்.

நிறுத்திய பிறகும் டிராக்டர் நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டின்போது பின்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். சத்தமே இல்லாமல், பார்க்கும்போது அசைவது தெரியாமல், டயர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் தம்பி உட்கார்ந்திருந்த சீட் சேற்றுக்குக் கீழே இருந்தது. மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா கரைமேல் நின்று அந்த சீட் இருந்த இடத்தையே பார்த்தாள். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள், வீடு வந்து சேரும்வரை விடவில்லை. தம்பி ஒரு செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தான், பாதி நெஞ்சில் ஊற்றிக்கொண்டான். பல நாள் கழித்துக் கரையில் இருந்து சங்கிலி கட்டித்தான் வண்டியை எடுத்தார்கள்.

அடுத்த வாரம் அவளுக்குக் கடலில் வேலை. நான் வழக்கம்போல் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன், வழக்கம்போல் சிக்னல் போனது. ஆனால் பயம் பழைய மாதிரி இல்லை. அதுவரைக்கும் நான் பயந்தது அலைக்கு, காற்றுக்கு, தண்ணீருக்கு. இப்போது கண்ணை மூடினால் பின்பக்கமாகச் சாயும் டிராக்டர்தான் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் ஒரே செய்யுளை இரண்டு நாள் நடத்தினேன்.

மூன்றாம் நாள் காலையில் தம்பி போன் போட்டான். சேறு மிதிக்கப் போயிட்டாங்களா என்று ஆரம்பிப்பான் என்று நினைத்தேன்.

"அண்ணி போன் பண்ணாங்களாண்ணா?"

"இல்லடா. டவர் இருக்காது."

"செரி." மாட்டுக்கு யாரோ தண்ணீர் காட்டுகிற சத்தம் கேட்டது. மதியமும் போன் போட்டான். பொழுதோடும் போட்டான். என் பயத்துக்கு இத்தனை வருஷம் துணையில்லாமல் இருந்தது, இப்போது ஒரு ஆள் கிடைத்திருந்தான். அதில் ஆறுதல் இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நாலாம் நாள் விடியக்காலையிலேயே கூப்பிட்டுவிட்டான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அண்ணி கப்பலு நிக்கற எடத்துல, கீழ அடி கெட்டியா இருக்குதுங்களா?"

அவனுக்குப் பதில் தெரியும். தொடைவரை உள்ளே போய்ப் பார்த்தவன்.

"கெட்டியாத்தான் இருக்குது, நீ வெசனப்படாத" என்றேன்.

"செரிங்ணா" என்றான். போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.